கிருமி வந்ததை உடம்பு எப்படி அறிகிறது?

1957-ஆம் ஆண்டு. நம் கர்நாடகத்துக்கு அப்போது மைசூர் மாநிலம் என்று பெயர். ஷிமோகா மாவட்டத்து மலைநாட்டில் கியாசனூர் என்று ஒரு காடு. அந்தக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டை ஒட்டிய கிராமங்களில் மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. விறகு பொறுக்கப் போனவர்களும் மாடு மேய்க்கப் போனவர்களும் படுத்துவிட்டார்கள். கடுமையான தலைவலி, உடம்பு வலி. சிலருக்கு ரத்தம் கசிந்தது. சிலர் இறந்தார்கள்.

புனா நகரில் அப்போது வைரஸ் ஆராய்ச்சி மையம் ஒன்று இருந்தது. இன்றைக்கு அதன் பெயர் தேசிய வைராலஜி நிறுவனம். அங்கிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முதலில் ஒரு பயம் இருந்தது. ஆப்பிரிக்காவில் ‘மஞ்சள் காய்ச்சல்’ என்று ஒரு நோய் உண்டு. நாம் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. அந்த நோயில் குரங்கும் சாகும், மனிதனும் சாவான். அது இந்தியாவுக்கு வந்துவிட்டதோ என்று பயந்தார்கள். சோதித்துப் பார்த்தார்கள். அது இல்லை. உலகம் அதுவரை அறியாத ஒரு புது வைரஸ். காட்டு உண்ணி கடித்துப் பரவுகிறது. காட்டின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள். கியாசனூர் காட்டு நோய். ஊர் மக்கள் வைத்த பெயர் ‘மங்கன காயிலெ’. கன்னடத்தில் மங்க என்றால் குரங்கு. இன்றும் மலைநாட்டில் பனிக்காலம் முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் இந்த நோய் தலைகாட்டுகிறது. நூறு பேருக்கு வந்தால் 3 முதல் 5 பேர் வரை இறக்கக்கூடும்.

அதே 1957-இல், லண்டனில், இரண்டு பேர் கோழிமுட்டையை வைத்து வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அலிக் ஐசக்ஸ். மற்றவர் ஜான் லிண்டன்மான். இவர்களுக்கு ஷிமோகா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் அவர்கள் கண்டுபிடித்தது, ஷிமோகாவில் காய்ச்சலில் கிடந்தவர் உடம்புக்குள் நடந்துகொண்டிருந்த விஷயத்தைத்தான்.

அது என்ன? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

செல் என்றால் என்ன?

செல் என்றதும் உங்களுக்குக் கைபேசிதான் நினைவுக்கு வரும். எங்கள் வகுப்பில் நான் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியபோது, பூ விற்கும் அக்கா ஒருவர் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

நாம் பேசப் போவது உடம்பில் உள்ள செல். செங்கல் செங்கலாக அடுக்கி வீடு கட்டுகிறோம். அதுபோல உடம்பு செல்களால் ஆனது. தோல், ரத்தம், ஈரல், மூளை எல்லாமே செல்கள்தான். ஒரு மனிதர் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. ஆனால் செங்கலுக்கு உயிர் இல்லை. செல்லுக்கு உயிர் உண்டு. ஒவ்வொரு செல்லும் ஒரு சின்னப் பட்டறை. உள்ளே எப்போதும் வேலை நடக்கிறது.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள, நம் பெங்களூர் தர்ஷினி ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய் கல்லாவில் காசு கொடுக்கிறீர்கள். ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் உள்ளே நீட்டுகிறீர்கள. மசால் தோசை என்று சீட்டில் இருந்தால் மாஸ்டர் மசால் தோசை போடுகிறார். கேசரிபாத் என்று இருந்தால் கேசரிபாத். சீட்டைக் கொண்டு வந்தது யார் என்று மாஸ்டர் பார்ப்பதில்லை. அவருக்குச் சீட்டுதான் முக்கியம்.

செல்லிலும் அப்படித்தான். நடுவில் ஒரு பூட்டிய அறை. அதில் ஒரு பெரிய புத்தகம். அதன் பெயர் டி.என்.ஏ. உடம்புக்கு வேண்டிய எல்லாப் பண்டமும் எப்படிச் செய்வது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் வெளியே வராது. எது வேண்டுமோ அந்த வரியை மட்டும் ஒரு சீட்டில் நகல் எடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்தச் சீட்டின் பெயர் ஆர்.என்.ஏ. செல்லின் சமையல் மாஸ்டர்கள் அந்தச் சீட்டைப் படித்துப் புரதங்களைச் செய்கிறார்கள்.

தமிழில் 247 எழுத்து. அதைப் படிக்க நாம் எத்தனை மாதம் கஷ்டப்பட்டோம்! ஆர்.என்.ஏ. சீட்டில் இருப்பது நான்கே எழுத்து. அந்த நான்கை மாற்றி மாற்றி அடுக்கியே உடம்பு தன் எல்லா வேலையையும் எழுதி வைத்திருக்கிறது.

கள்ளச் சீட்டு

இப்போது வைரஸுக்கு வருவோம். வைரஸ் செல் அல்ல. அதற்குள் அடுப்பு இல்லை, மாஸ்டர் இல்லை, கடையே இல்லை. ஒரு உறை, உறைக்குள் ஒரு சீட்டு. அவ்வளவுதான். டெங்கு வைரஸ் எவ்வளவு சின்னது தெரியுமா? 20 ஆயிரம் வைரஸை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். நம் அளவுகோலில் இருக்கிற இரண்டு சின்னக் கோட்டுக்கு நடுவே உள்ள இடம்தான் ஒரு மில்லிமீட்டர்.

சில வைரஸ்களுக்குள் இருப்பது டி.என்.ஏ. பலவற்றுக்குள் இருப்பது ஆர்.என்.ஏ. டெங்கு, சிக்குன்குனியா, போலியோ, தட்டம்மை, நாய்க்கடியால் வரும் வெறிநோய், ஃப்ளூ காய்ச்சல், கொரோனா, குரங்கு நோய் எல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ்கள். இவற்றில் டெங்கு போன்றவை உள்ளே நுழைந்ததும் தங்கள் சீட்டை நேராக மாஸ்டரிடம் நீட்டும். டெங்கு சீட்டில் சுமார் 11 ஆயிரம் எழுத்து இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: “உன் வேலையை விடு. என்னைப் போல இன்னும் ஆயிரம் செய்.” மாஸ்டரும் செய்வார். அவருக்கு எல்லாச் சீட்டும் ஒன்றுதான்.

அப்படியானால் ஒரு வைரஸ் நுழைந்தாலே நாம் எல்லாரும் செத்துப்போக வேண்டுமே? ஏன் சாகவில்லை?

சீட்டைச் சோதிக்கிறவர்

ஏன் என்றால் செல்லுக்குள் சீட்டைச் சோதிக்க ஆள் இருக்கிறது. மாஸ்டர் பார்க்காத ஒன்றை இந்த ஆள் பார்க்கிறது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதில்லை. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறது.

செல் தன் சொந்தச் சீட்டை அனுப்பும்போது, அதன் முன்முனையில் ஒரு முத்திரை குத்தி அனுப்புகிறது. தொப்பி மாட்டிய மாதிரி இருப்பதால் அறிவியலார் அதைத் தொப்பி என்றே சொல்கிறார்கள். வைரஸ் அவசரம் அவசரமாக நகல் எடுக்கிறது. அந்த நகல்களின் முனை பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. கார்பன் தாள் வைத்து ரசீது போடும்போது, அசலும் நகலும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருக்கும் அல்லவா? வைரஸ் நகல் எடுக்கும்போதும் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள் அப்படி ஒட்டிக்கொள்கின்றன. நம் செல்லின் சீட்டுகள் பெரும்பாலும் ஒற்றை இழை. அப்படி நீளமான இரட்டை இழை செல்லின் கூடத்தில் கிடந்தால், அந்நியன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடிக்கும் காவலாளியின் பெயர் ரிக்-ஐ. எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ரிக், ஐ. இது ஒரு புரதம். 2004-இல் ஜப்பானில் தகாஷி ஃபுஜிதா என்பவரின் குழு இந்த ரகசியத்தை வெளியிட்டது. முத்திரை இல்லாத முனையைத்தான் ரிக்-ஐ பிடிக்கிறது என்பது 2006-இல் தெரிந்தது. ரிக்-ஐக்கு ஒரு கூட்டாளி இருக்கிறது. அதன் பெயர் எம்.டி.ஏ.-5. நீளமான இரட்டை இழைகளைப் பிடிப்பது அதன் வேலை. இவை தவிர, வைரஸ் நுழைந்து வரும் பைகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் காவலாளிகளும் உண்டு. அவற்றுக்கு டோல் வகை என்று பெயர். இந்த டோல் எங்கே முதலில் தெரிந்தது என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். வாழைப்பழத் தாரைச் சுற்றிப் பறக்குமே சின்ன ஈ, அதில்தான்! அந்த ஈ பூஞ்சைக் காளானிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள டோலைப் பயன்படுத்துகிறது என்று 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு பிரான்சில் காட்டியது. அதற்காக 2011-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பழக்கடை ஈயைக் கையால் விரட்டும்போது இனி கொஞ்சம் மரியாதை வைக்கலாம்.

மணி அடிக்கிறது

ரிக்-ஐ சும்மா இருக்கும்போது மடங்கிக் கிடக்கும். கள்ளச் சீட்டைத் தொட்டதும் கை விரித்தது போல விரிகிறது. விரிந்ததும் ஓடிப் போய் மணி அடிக்கிறது. மணி எங்கே இருக்கிறது தெரியுமா? செல்லின் மின்சார அறையில். செல்லுக்குச் சக்தி தரும் அந்த அறைக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். அதன் வெளிச் சுவரில் இந்த மணி தொங்குகிறது.

இந்த மணியை 2005-இல் நான்கு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த பெயரை வைத்தது. ஒரே குழந்தைக்கு அத்தை ஒரு பெயர், பாட்டி ஒரு பெயர் வைப்பது போல, ஒரே பொருளுக்கு நான்கு பெயர்! கடைசியில் நிலைத்தது மாவ்ஸ் என்ற பெயர்.

ஒரு மாவ்ஸ் தூண்டப்பட்டால் பக்கத்து மாவ்ஸையும் இழுத்துக்கொள்ளும். அது அடுத்ததை இழுக்கும். நொடியில் நீளமான சங்கிலி ஆகிவிடும். அதனால்தான் ஒன்றிரண்டு கள்ளச் சீட்டு பிடிபட்டாலும் செல் முழுக்கச் செய்தி கேட்கிறது. செய்தி பூட்டிய அறைக்குள் போகிறது. பெரிய புத்தகத்தில் எப்போதும் மூடியே கிடக்கும் ஒரு பக்கம் திறக்கிறது. அந்தப் பக்கத்தில் இருப்பதுதான் இன்டர்ஃபெரான்.

நீளமான சொல். கூட்டிப் படியுங்கள். இன், டர், ஃபெ, ரான்.

ஷட்டரை இறக்கு!

லண்டன் கோழிமுட்டைக்கு இப்போது திரும்பலாம். ஐசக்ஸும் லிண்டன்மானும் கோழிமுட்டைக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். சூடுபடுத்திச் செயல் இழக்கச் செய்த ஃப்ளூ வைரஸை அதன் மேல் விட்டார்கள். பிறகு அந்தச் சவ்வு ஊறிய நீரை எடுத்தார்கள். வேறு புதுச் சவ்வின் மேல் அதை ஊற்றினார்கள். இப்போது உயிருள்ள வைரஸை விட்டால் அது அங்கே வளரவில்லை! சவ்வு எதையோ அந்த நீரில் வெளியிட்டிருக்கிறது. அந்த எதையோ புதுச் சவ்வைக் காப்பாற்றியிருக்கிறது. குறுக்கே நின்று தடுப்பதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். 1954-லேயே ஜப்பானில் நாகானோ, கோஜிமா என்ற இருவர் இதே போன்ற ஒன்றைப் பார்த்திருந்தார்கள். உலகம் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

இன்டர்ஃபெரான் வைரஸைக் கொல்லும் மருந்து அல்ல. அது ஒரு செய்தி. பஜாரில் கலவரம் என்றால் முதல் கடைக்காரர் என்ன செய்வார்? “ஷட்டரை இறக்கு!” என்று கத்துவார். அவர் கடை நொறுங்கலாம். ஆனால் வரிசையில் உள்ள மற்றக் கடைகள் தப்பும். வைரஸ் நுழைந்த செல் அந்த முதல் கடை. அது வெளியிடும் இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களைத் தொட்டதும், அங்கே நூற்றுக்கணக்கான தற்காப்பு வேலைகள் தொடங்குகின்றன. ஒரு புரதம் அங்கே வரும் ஆர்.என்.ஏ. சீட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டத் தயாராகிறது. இன்னொன்று மாஸ்டரின் அடுப்பையே அணைக்கத் தயாராகிறது. அடுப்பு அணைந்தால் நம் தோசையும் வேகாது, வைரஸின் தோசையும் வேகாது. நஷ்டம்தான். ஆனால் வைரஸ் பரவாது.

இவை எல்லாம் சில மணி நேரத்தில் நடந்துவிடும். குறிப்பிட்ட ஒரு வைரஸுக்கு என்றே செய்யப்படும் எதிர்ப்புப் பொருள் உடம்பில் உருவாக ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை நம்மைத் தாங்குவது இந்தப் பிறவிக் காவல்தான். தடுப்பூசி போடாவிட்டாலும், அந்த வைரஸை முன்பின் பார்க்காவிட்டாலும், இந்தக் காவல் இருக்கும்.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது?

இதை நான் சொன்னபோது, கட்டட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கேட்டார்: “தம்பி, கிருமி உடம்பைக் கடிக்கிறதாலதானே வலிக்குது?”

நல்ல கேள்வி. பதில் பெரும்பாலும் வேறு. இன்டர்ஃபெரானும் அதோடு சேர்ந்து ரத்தத்தில் ஓடும் மற்றச் செய்திப் பொருள்களும்தான் காய்ச்சலையும் உடம்பு வலியையும் அசதியையும் கொண்டுவருகின்றன. மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. செய்தி அங்கே போனதும் அது சூட்டை ஏற்றிவிடுகிறது. இதற்குச் சாட்சி உண்டு. ஹெபடைடிஸ்-சி என்ற ஈரல் நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு ஃப்ளூ வந்த மாதிரியே காய்ச்சல், குளிர், உடம்பு வலி எல்லாம் வந்தன. அவர்களுக்குள் ஃப்ளூ வைரஸ் எதுவும் இல்லை!

“அப்போ காய்ச்சல் நல்லதா?” என்றார் அண்ணன்.

காவல் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அதனால் சும்மா இருந்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. இதை டெங்குவை வைத்துச் சொல்கிறேன். பெங்களூரில் இருக்கிற நமக்கு இதுதான் மிக முக்கியம்.

டெங்குவின் தந்திரம்

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. நம் பகுதிகளில் காவிரித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற நாளில் டிரம்மிலும் குடத்திலும் சம்ப்பிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. இந்த நல்ல தண்ணீரைத்தான் தேடுகிறது. பகலில் கடிக்கிறது. தண்ணீரைச் சேர்த்து வைப்பது நம் குற்றம் இல்லை. குழாயில் தினமும் வந்தால் யார் டிரம்மில் பிடித்து வைப்பார்கள்? ஆனால் டிரம்மை மூடி வைப்பதும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதும் நம் கையில் இருக்கிறது. முட்டை, புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் கழுவிவிட்டால் கொசு வெளியே வராது.

கொசுவுக்கு டெங்கு நோய் வராதா? கொசுவுக்கு இன்டர்ஃபெரான் கிடையாது. அது வேறு வழி வைத்திருக்கிறது. வைரஸின் இரட்டை இழையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றையும் தேடி வெட்டுகிறது. வைரஸ் அடங்கிக் கிடக்கும், ஆனால் முழுதும் ஒழியாது. அதனால் கொசு நன்றாக இருந்துகொண்டே சாகும்வரை வைரஸைச் சுமக்கிறது.

நம் உடம்பில் டெங்கு சும்மா இருக்குமா? அதற்கும் காவலாளியைத் தெரியும். அது தன் சீட்டுக்குத் தானே கள்ள முத்திரை குத்திக்கொள்கிறது. நகல் எடுக்கும் வேலையைச் சவ்வுப் பைகளுக்குள் ஒளிந்து செய்கிறது. அப்படியும் பாதி எழுதிய நகல்கள் பிடிபட்டு மணி அடித்துவிடும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. இன்டர்ஃபெரான் வந்து கதவைத் தட்டியதும், அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோகும் ஒரு தூதுவன் உண்டு. ஸ்டாட்-2 என்று பெயர். டெங்கு வைரஸின் ஒரு புரதம் அந்தத் தூதுவனைப் பிடித்து அழிக்கிறது. மணி அடிக்கிறது, ஷட்டர் இறங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எலியின் ஸ்டாட்-2 கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. டெங்குவால் அதை அழிக்க முடியவில்லை. அதனால் சாதாரண எலிக்கு டெங்கு நோய் பிடிப்பதில்லை. டெங்குவைப் பற்றி எலியில் ஆராய வேண்டும் என்றால், இன்டர்ஃபெரான் செய்தியைக் கேட்கவே முடியாதபடி மாற்றிய எலியை வளர்க்கிறார்கள். இன்டர்ஃபெரான் எவ்வளவு பெரிய காவல் என்பது இதிலேயே தெரிகிறது.

இரண்டாவது முறை டெங்கு வந்தால் ஆபத்து அதிகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்து குணமானால் அந்த வகைக்கு எதிர்ப்புப் பொருள் உடம்பில் இருக்கும். அடுத்து வேறு வகை வந்தால், அந்தப் பழைய எதிர்ப்புப் பொருள் வைரஸைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. பிடித்ததோடு நில்லாமல், காவல் செல்களுக்குள்ளேயே வைரஸ் சுலபமாக நுழைய வழி ஆகிவிடும்.

காய்ச்சல் விட்ட நாள்

எங்கள் பக்கத்து வரிசையில் ஒரு தச்சர் அண்ணன். நான்கு நாள் கடும் காய்ச்சல். அருகில் ஒரு கிளினிக்கில் தினம் ஒரு ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. “ஊசி கேட்டிருச்சு” என்று வேலைக்குக் கிளம்பினார். மத்தியானம் வயிறு கடுமையாக வலித்தது. இரண்டு மூன்று முறை வாந்தி. கை கால் சில்லிட்டது. கூட வேலை செய்தவர்கள் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதால் பிழைத்தார்.

டெங்குவில் இதுதான் ஏமாற்றும் இடம். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து வருகிறது. வைரஸ் அப்போது குறையத் தொடங்கியிருக்கும். ஆனால் உடம்பின் காவல் அளவு மீறிப் போயிருக்கும். செய்திப் பொருள்கள் ரத்தத்தில் வெள்ளமாக ஓடும். அதனால் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்தத்தில் உள்ள நீர் வெளியே போகும். ரத்த அழுத்தம் சரியும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலானவர்கள் இது இல்லாமலே குணமாகிறார்கள். யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் எல்லாருமே அந்த இரண்டு நாள் கவனமாக இருக்க வேண்டும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மூச்சு வாங்குதல், கை கால் சில்லிடுதல், குழந்தை துவண்டு கிடத்தல் அல்லது அமைதியில்லாமல் புரளுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்டிபயாடிக் என்ற மருந்து பாக்டீரியா என்ற வேறு வகைக் கிருமியைக் கொல்லும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. டெங்கு வைரஸை நேராகக் கொல்லும் மருந்து ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அங்கே செய்வது, நீர்ச்சத்தைச் சரியான அளவில் காப்பதும், ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருப்பதும். அதுவே உயிரைக் காக்கிறது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மாத்திரை, டாக்டர் சொன்ன அளவில் போதும். ஆஸ்பிரின், இபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். மருந்துக் கடையில் “உடம்பு வலிக்கு ஒண்ணு கொடுங்க” என்று கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. அட்டையில் உள்ள பெயரைப் படியுங்கள். இப்போதுதான் படிக்கத் தெரியுமே!

காவல் கெட்டால்

2020-இல் கொரோனா வந்தபோது ஒரு கேள்வி எல்லாருக்கும் இருந்தது. ஒரே வீட்டில் ஒருவருக்கு லேசான ஜலதோஷம், இன்னொருவருக்கு உயிருக்கே ஆபத்து. ஏன்? வயது, சர்க்கரை நோய் என்று பல காரணம் உண்டு. அந்த ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இன்னொரு காரணத்தையும் காட்டியது. கொரோனாவால் உயிராபத்தான நிலைக்குப் போன 987 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 101 பேரின் ரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே பிடித்து முடக்கும் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அதாவது, கத்துகிற கடைக்காரரின் வாயை அவர் வீட்டு ஆளே பொத்திவிட்டார். லேசாக நோய் வந்தவர்களில் அப்படி யாரும் இல்லை.

நம் ஊரில் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்கிறோமே, யஷ்வந்தபுரம் பக்கம் உள்ள இந்திய அறிவியல் கழகம், அங்கேயும் வைரஸுக்கும் செல்லுக்கும் நடக்கும் இந்தப் போரை ஆராய்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் தையல் வேலை செய்யும் அக்கா கடைசியாக ஒன்று கேட்டார். “வைரஸ் மட்டும்தான் கள்ளச் சீட்டு எழுதுமா? நாம எழுத முடியாதா?”

எழுதியிருக்கிறார்கள். கட்டலின் கரிக்கோ என்ற பெண்மணி ஹங்கேரி நாட்டில் ஒரு கறிக்கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். அமெரிக்காவில் ட்ரூ வைஸ்மன் என்பவரோடு சேர்ந்து ஆர்.என்.ஏ. சீட்டைக் கையால் எழுதி, செல்லுக்குள் அனுப்பிப் பார்த்தார். அனுப்பியபோதெல்லாம் காவலாளிகள் மணி அடித்தார்கள். பல ஆண்டு முயன்று, நான்கு எழுத்தில் ஒன்றைக் கொஞ்சம் மாற்றி எழுதினார்கள். மாஸ்டருக்கு அது படிக்க முடிந்தது. காவலாளிக்குச் சந்தேகம் வரவில்லை. அவர்கள் இதை வெளியிட்டது 2005-இல். பதினைந்து ஆண்டு கழித்து, வெளிநாடுகளில் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட ஃபைசர், மாடர்னா கொரோனாத் தடுப்பூசிகளில் இப்படி எழுத்து மாற்றிய சீட்டுதான் இருந்தது. நம்மில் பெரும்பாலானவர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் வேறு வகை. கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.